என் சிறுநீரகத்தின் முதல் பிறந்தநாள்

1

போன ஞாயிற்றுக்கிழமை என் இடது சிறுநீரகத்துக்கு முதல் பிறந்தநாள் கொண்டாடினார்கள். சிங்கப்பெருமாள் கோயிலில், ஸ்டேஷனுக்குப் பின்னால், என் தம்பி ஏழுமலை குடியிருக்கும் தெருவில், ஷாமியானா போட்டு, நாற்காலி வரவழைத்து, கேக் வெட்டி. எனக்கு அழைப்பு வரவில்லை. வீடியோ வந்தது. பதினோரு நிமிஷம்.

நான் இருப்பது கார்டிஃப் என்கிற ஊரில். வேல்ஸ் நாட்டின் தலைநகரம் இது. இங்கிலாந்து என்று சொல்லிவிட்டால் இங்கே இருப்பவர்களுக்கு முகம் சுருங்கிவிடும். இருபத்திரண்டு வருஷமாக ஒரே ஓட்டலில் தோசை மாஸ்டர். ஞாயிறு மதியம் கூட்டம் கழிந்த பிறகு, வெங்காய மூட்டைமேல் உட்கார்ந்து அந்த வீடியோவைத் திறந்தேன்.

முதலில் பேனர். தெருமுனையில் இரண்டு ஆள் உயரத்துக்கு. நடுவில் ஏழுமலை, வெள்ளைச் சட்டை, கறுப்புக் கண்ணாடி, கைகூப்பி. "மறுபிறவி கண்ட எங்கள் அண்ணன்." மேலே இடது மூலையில் அம்மன். வலது மூலையில் எங்கள் தங்கை செல்வி போகிற சபையின் பாஸ்டர். இருவருக்கும் சண்டை வந்துவிடக் கூடாது என்று நடுவில் டாக்டர் படம். டாக்டருக்குக் கீழே ஒரு கட்சிக்காரர். அவருக்கும் சிறுநீரகத்துக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குத் தெரியவில்லை, அவருக்கும் தெரிந்திருக்காது.

என் படமும் இருந்தது. கீழே, வலது ஓரத்தில், பேனரைக் கட்டிய கயிறு பாதி மறைத்த இடத்தில், எட்டணா அளவு வட்டத்தில். பாஸ்போர்ட்டுக்கு எடுத்த படம். கண்ணீர் அஞ்சலி போஸ்டரிலிருந்து தவறி விழுந்தவன் மாதிரி இருந்தேன். அடியில் எழுதியிருந்தது: "சிறுநீரகம் உதவி: தணிகாசலம், லண்டன்."

பந்தல் உதவி, மைக்செட் உதவி என்று போடுவார்களே, அதே எழுத்தில். ஊர்ப் பெயரும் தப்பு.

நாலாவது நிமிஷத்தில் எங்கள் தாய்மாமன் வரதன் மைக்கைப் பிடித்தார். "இந்தக் குடும்பத்துல இந்த முடிவ எடுத்தது யாருன்னு கேட்டா..." என்று தொண்டையைக் கனைத்தார். நான் போனை அணைத்துவிட்டுப் பாத்திரம் தேய்க்கப் போனேன்.

யார் எடுத்தார்கள் என்று நான் சொல்கிறேன்.

2

ஏழுமலை வேன் ஓட்டுகிறவன். விடியற்காலையில் ஸ்டேஷனில் இறங்கும் தொழிலாளிகளை ஏற்றிக்கொண்டு போய்த் தொழிற்பேட்டையில் இறக்குவான். மூத்திரத்துக்கு இறங்கினால் ஒரு டிரிப் போய்விடும் என்று தண்ணீரே குடிக்காமல் வண்டி ஓட்டினான். சர்க்கரை வேறு. இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. வாரத்துக்கு மூன்று நாள் செங்கல்பட்டில் டயாலிசிஸ். அவன் மனைவியின் ரத்த வகை பொருந்தவில்லை. செல்விக்கும் சர்க்கரை. அவன் பிள்ளைகள் சின்னவர்கள். அம்மா அப்பா இல்லை. மீதி நான்.

அதற்குப் பிறகு எங்கள் குடும்ப வாட்ஸப்பில் நடந்த மாதிரி ஒரு சொற்பொழிவை நீங்கள் எந்த மேடையிலும் கேட்டிருக்க மாட்டீர்கள்.

செல்வி சொன்னாள்: "அண்ணா, மூணு நாள் உபவாசம் இருந்து ஜெபத்துல கேட்டேன். ஆண்டவர் உன் பேரத் தான் சொன்னாரு."

ஆண்டவர் என் பேரைச் சொன்னதில் ஆச்சரியம் இல்லை. அவர் சொல்வதற்கு வீட்டில் வேறு பேர் மிச்சமில்லை.

வரதன் மாமாவுக்குச் சாமி கிடையாது. கறுப்புச் சட்டைக்காரர். அவர் சொன்னார்: "மாப்ள, இதுல சாமியும் கெடயாது, பூதமும் கெடயாது. மனுசனுக்கு மனுசன் ஸ்பேர் பார்ட்டு. மண்ணு துன்னப் போற ஒடம்பு தானடா? எனக்கு மட்டும் வயசு இருந்திருந்தா நானே குடுத்துட்டுப் போய்க்கினே இருப்பேன்."

"கண்தானம் எழுதிக் குடுத்துட்டீங்களா மாமா?" என்று கேட்டேன். என் வாயிலிருந்து இப்படி ஒரு கேள்வி வந்ததே பெரிய விஷயம்.

"கண்ணு வேற மாப்ள" என்றார்.

இங்கே கார்டிஃப்பிலும் கருத்துக்குப் பஞ்சமில்லை. எங்கள் கோயில் கமிட்டியில் ஒருவர், பெரிய கம்ப்யூட்டர் வேலை, சனிக்கிழமை தவறாமல் பொடி தோசை சாப்பிட வருவார். "உடம்பு ஆலயம், தணிகாசலம். ஆண்டவன் முழுசாக் கொடுத்ததை முழுசாத்தான் திருப்பிக் கொடுக்கணும்" என்றார். அவருக்குப் பித்தப்பையும் குடல்வாலும் எடுத்தாகிவிட்டது. இன்னொரு வாடிக்கையாளர் டாக்டர். என் கையைப் பிடித்துக் குலுக்கி, நீ ஒரு ஹீரோ என்றார். அதே மூச்சில் சட்னியில் உப்பு கூட என்றார். இரண்டில் உப்பு மட்டும் உண்மை.

குடு என்றவர்களுக்கும் காரணம் இருந்தது. குடுக்காதே என்றவர்களுக்கும் காரணம் இருந்தது. இத்தனை பேருக்கும் கருத்து இருந்தது. பொருந்துகிற சிறுநீரகம் எனக்கு மட்டும் இருந்தது.

ஏழுமலை மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. போன் பேசும்போதெல்லாம் அங்கே குளிரா, பனி பெய்கிறதா என்று கேட்பான். பனி பெய்கிறதா என்று நாலு மாசம் கேட்டான். நடுவில் கோடைகாலமே வந்துவிட்டது.

3

நான் பேசாதவன். சின்ன வயசிலிருந்தே அப்படி. ஐந்தாவது வரை படித்தேன். அந்த ஐந்து வருஷத்தில் வாத்தியார் கேட்ட கேள்விக்கு வாய் திறந்து பதில் சொன்ன ஞாபகம் இல்லை. பிறகு கல்பாக்கத்தில் ஒரு மெஸ்ஸில் எச்சில் தட்டு கழுவினேன். பிறகு மாமல்லபுரம் ரோட்டில் ஒரு ஓட்டலில் கல்லில் நின்றேன். தோசைக் கல்லுக்கு முன்னால் நிற்பவன் வாடிக்கையாளருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கலாம். அந்தத் தொழில் எனக்குப் பிடித்ததற்கு அதுதான் காரணம்.

பேசாதவனின் கஷ்டம் என்னவென்றால் அவன் மௌனத்துக்கு எல்லோரும் சௌகரியமான அர்த்தம் வைத்துக்கொள்வார்கள். ஊரில் இருப்பவர்கள், அண்ணன் மறுத்துப் பேசவில்லை, ஆகவே சரி என்றுவிட்டான் என்று டாக்டரிடம் நாள் கேட்கப் போய்விட்டார்கள். என் மனைவி கோமதி, இந்த ஆள் ஒன்றும் சொல்லவில்லை, ஆகவே இவனுக்கு மனசு இல்லை என்று நிம்மதியாகத் தூங்கினாள்.

இந்த வேல்ஸில் ஒரு சட்டம் உண்டு. ஒருவன் செத்துப்போனால், என் உறுப்புகளை எடுக்கக் கூடாது என்று உயிரோடு இருக்கும்போது அவன் எழுதி வைக்காவிட்டால், சம்மதம் என்றே எடுத்துக்கொள்வார்கள். அதைப் பற்றி ஒரு காகிதம் வீட்டுக்கு வந்தது. ஒரு பக்கம் ஆங்கிலம், மறுபக்கம் வேல்ஸ் மொழி. இரண்டையும் என்னால் ஒரே அளவுதான் படிக்க முடிந்தது. என் மகள் தர்ஷினி படித்துச் சொன்னபோது சிரித்துவிட்டேன். எங்கள் வீட்டில் காலங்காலமாக இருக்கிற சட்டம்தான். இவர்கள் சாகும்வரை பொறுத்திருக்கிறார்கள், அவ்வளவு வித்தியாசம்.

தர்ஷினி இங்கேயே பிறந்தவள். காலேஜ் இரண்டாம் வருஷம். "இட்ஸ் யுவர் பாடி அப்பா. யூ டிசைட்" என்றாள். பிறகு ஒரு தாளில் நடுவில் கோடு போட்டு, இந்தப் பக்கம் நன்மை, அந்தப் பக்கம் தீமை என்று எழுதி பிரிட்ஜில் காந்தத்தால் ஒட்டிவிட்டாள். தீமைப் பக்கத்தில் ஐந்தாவது: உன் பிறந்தநாளுக்குச் சித்தப்பா ஒரு தடவைகூடப் போன் செய்ததில்லை.

என் பிறந்தநாள் மார்ச் பத்து என்று காகிதம் சொல்கிறது. வருஷா வருஷம் அவள் கேக் வாங்கி வருகிறாள், நானும் ஊதுகிறேன். அந்தத் தேதி ஒரு வாத்தியாரின் பேனாவில் பிறந்தது என்று அவளுக்குச் சொன்னதில்லை. அந்தப் பேனா எனக்கு வைத்திருந்த வேலை அப்போது எனக்கும் தெரியாது.

கோமதிக்கு எங்கள் பக்கம்தான், திருக்கழுக்குன்றம் தாண்டி. முதியோர் இல்லத்தில் துப்புரவு வேலை பார்க்கிறாள். டெஸ்ட்டுக்கு மட்டும் போய்விட்டு வருகிறேன் என்று நான் பெட்டி கட்டியபோது, இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"டெஸ்டுக்கு ஆறு வாரம் லீவு எவனாச்சும் போடுவானா? யார்யா நீ? அந்த கிட்னிய இருவத்தஞ்சி வருசமா சோறு போட்டு வளத்தது நானு. உங்க மாமன் இல்ல."

நான் சட்டை மடித்தேன்.

"உனக்கு ஒண்ணு ஆச்சின்னா இந்தக் குளுருல நான் யாராண்ட போயி நிப்பேன்? சொல்லு. வாயத் தொறந்து சொல்லு."

நான் இன்னொரு சட்டையை மடித்தேன். அவள் கேட்டது நியாயமான கேள்வி. இத்தனை பேர் பேசியதில் கேள்வியாக வந்தது அது ஒன்றுதான்.

4

உயிரோடு இருப்பவன் உறுப்பைக் கொடுப்பதென்றால் அரசாங்கத்தில் ஒரு குழு உட்கார்ந்து அனுமதி தர வேண்டும். விற்பனையாகிவிடக் கூடாதல்லவா? நான் குடியுரிமை மாறியவன் என்பதால், இவன் இன்னாருக்கு அண்ணன்தான் என்று என் நாட்டுத் தூதரகமும் சொல்ல வேண்டுமாம். கார்டிஃப்பில் என் பேரையே ஒழுங்காகச் சொல்லத் தெரியாத ஒரு நாடு, என் தம்பி யார் என்று எப்படிச் சொல்லும்? ஆனாலும் அதற்கும் ஒரு விண்ணப்பப் பாரம், அதற்கும் ஒரு கையெழுத்து. கிடைத்துவிட்டது.

ஊருக்கு வந்தேன். ரத்தம் பொருந்தியது. திசு பொருந்தியது. நானும் ஏழுமலையின் ஊர்க்காரர் ஒருவரும் காகிதங்களை எடுத்துக்கொண்டு அந்தக் குழுவின் ஆபீசுக்குப் போனோம். கண்ணாடி போட்ட ஒரு கிளார்க் என் பாஸ்போர்ட்டை ஒரு கையிலும் தம்பியின் பள்ளிச் சான்றிதழை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு மாறி மாறிப் பார்த்தார். பிறகு மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ரெண்டு பேருக்கும் அம்மா ஒருத்தர்தானா சார்?"

"ஆமா சார்."

"நீங்க மார்ச் பத்து. அவரு அதே வருஷம் ஜூன் ஒண்ணு. ரெண்டரை மாசத்துல எப்டி சார் ரெண்டாவது பிரசவம்?"

எனக்குக் காது சுட்டது. ஏழுமலை என்னைவிட இரண்டு வருஷம் சின்னவன். அவன் பிறந்தது திருக்கழுக்குன்றத்துச் சங்கு தீர்த்தத்தில் சங்கு கிடைத்த வருஷம். அம்மா எப்போதும் அப்படித்தான் சொல்வாள். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை அந்தக் குளத்தில் சங்கு வருவது ஊர் உலகத்துக்குத் தெரிந்ததுதானே? தட்டுத் தடுமாறி அதைச் சொன்னேன்.

"சங்குக்கு சர்ட்டிபிகேட் கீதா சார்?" என்றார். பின்னால் வரிசையில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள்.

"ரத்தம் பொருந்தியிருக்குதே சார்" என்றார் கூட வந்தவர்.

"வெளியாள் ரத்தமும் சில சமயம் பொருந்தும். டி.என்.ஏ. எடுங்க, எழுதித் தரேன். ஆனா தேதி ஏன் இப்டி கீதுன்னு பொறுப்பானவங்க யாராச்சும் எழுத்துல குடுக்கணும். இல்லன்னா பைலு நகராது."

நடந்தது இதுதான். அம்மா நடவுக்குப் போக வேண்டியிருந்ததால் எங்கள் இருவரையும் ஒரே நாளில் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டாள். எனக்கு வயசு கூட, அவனுக்கு வயசு குறைச்சல். தலைக்கு மேல் கையை வளைத்துக் காதைத் தொடச் சொன்னார்கள். என் கை காதைத் தாண்டிப் போனது. அவன் கை எட்டவில்லை. ஹெட்மாஸ்டர் இருவரையும் ஒரே வருஷத்தில் எழுதிச் சேர்த்துக்கொண்டார். எங்கள் பக்கத்தில் பாதிப் பேருக்குப் பிறந்தநாள் ஜூன் ஒன்று. எல்லோரையும் பெற்றது ஹெட்மாஸ்டர்தான்.

ஆபீசிலிருந்து செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்து இறங்கினேன். இனி நான் எழுதப்போவதை என் வீட்டார் யாரும் படிக்காமல் இருந்தால் நல்லது. படித்தாலும் பரவாயில்லை.

கூட வந்தவரை அனுப்பிவிட்டு, பஸ் ஸ்டாண்ட் எதிரில் ஒரு ஓட்டலில் உட்கார்ந்தேன். நாலு இட்லி, ஒரு வடை. சாம்பார் ஊற்றிச் சாப்பிட்டேன். இன்னும் இரண்டு இட்லி வாங்கினேன். தேங்காய்ச் சட்னி அருமையாக அரைத்திருந்தார்கள். ஊருக்கு வந்த மூன்று வாரத்தில் சாப்பாட்டுக்கு ருசி இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பைல் நகராது. நான் மறுக்கவில்லை, அரசாங்கம் மறுத்துவிட்டது. யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது. செல்வியின் ஆண்டவர்கூட ஒன்றும் செய்ய முடியாது. நான் கார்டிஃப் போய்க் கல்லில் மாவு ஊற்றலாம்.

இத்தனை பேரை இளக்காரமாக எழுதிக்கொண்டு வருகிறேன். அன்று ஆறாவது இட்லியைப் பிட்டுப் போட்டவன் அவர்கள் எல்லோரையும்விடக் கேடுகெட்டவன். அவர்களாவது வாய் விட்டுச் சொன்னார்கள்.

5

அங்கிருந்து நேராக டயாலிசிஸ் சென்டருக்குப் போனேன். ஏழுமலை கட்டிலில் படுத்திருந்தான். கையில் இரண்டு குழாய். வாயில் ஒரு ஐஸ் துண்டு. அந்த நோய்க்காரர்களுக்குத் தண்ணீரை அளந்துதான் தருவார்கள். ஒரு நாளைக்கு இத்தனை டம்ளர், அதற்குமேல் ஒரு வாய் கிடையாது. தாகம் தாங்காமல் ஐஸை வாயில் ஒதுக்கி வைத்துக்கொள்வான். வேனில் தண்ணீர் இருந்தும் குடிக்காதவன்.

"இன்னா அண்ணாத்த, மூஞ்சி பளபளன்னு கீது?"

"ஒண்ணுல்லடா."

"ஆபீசுல இன்னா சொன்னானுங்க?"

சொன்னேன். சிரிக்க ஆரம்பித்தான். குழாய் ஆடியது. நர்ஸ் வந்து அதட்டிவிட்டுப் போனாள்.

"ரெண்டரை மாசத்துல ரெண்டு பேரையும் பெத்துப் போட்டுட்டாரா வாத்தியாரு! அம்மா பத்து பத்து மாசம் சொமந்துகினு நாத்து நட்டுச்சே, அல்லாம் வேஸ்ட்டா?"

நானும் சிரித்தேன். அவன் சிரிப்பை நிறுத்திவிட்டு என் சட்டையைப் பார்த்தான்.

"சட்னி ஒட்டிகினு கீது பாரு."

குனிந்து பார்த்தேன். பொத்தான் பக்கத்தில் வெள்ளையாகத் தேங்காய்ச் சட்னி.

"வந்த நாள்லேர்ந்து உன் தட்டப் பாத்துகினு தான் கீறேன். போட்ட சோறு போட்ட மாரியே கீது. இன்னிக்கி தான் நீ துன்னுருக்க." ஐஸை அடுத்த கன்னத்துக்குத் தள்ளினான். "வுடு அண்ணாத்த. வாத்தியாரு உன்னக் காப்பாத்திட்டாரு. போயி டிக்கெட்டப் பாரு. நான் ஒண்ணியும் நெனச்சிக்க மாட்டேன்."

"நான் இன்னாடா சொன்னேன் இப்ப?"

"நீ எப்ப சொன்ன? எப்பியாச்சும் சொல்லிக்கிறியா?" என்று கண்ணை மூடிக்கொண்டான்.

அவன் என்னை மன்னித்தது எனக்குப் பொறுக்கவில்லை. வேண்டாம் என்று சொல்வதும் ஒரு விதமாகக் கேட்பதுதான் என்று அவனை மனசுக்குள் திட்டினேன். பெருந்தன்மை காட்டுகிறானாம், படுத்துக்கொண்டு. பாசம் பொங்கிச் சென்டரைவிட்டுக் கிளம்பினேன் என்று எழுதினால் பேனருக்குப் பொருத்தமாக இருக்கும். நான் கிளம்பியது ரோஷத்தில்.

6

ஹெட்மாஸ்டர் உயிரோடு இருந்தார். எண்பது தாண்டியவர். செங்கல்பட்டில் ஏரிப் பக்கம் மாடி வீடு. பனியனோடு உட்கார்ந்து டி.வி.யில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். நான் யார் என்று சொன்னதும் ஞாபகம் வந்துவிட்டது.

"பேசாத பயலா நீ? ஒன் தம்பி சேத்து வெச்சிப் பேசுவானே."

விஷயத்தைச் சொன்னேன். வருத்தப்படுவார் என்று எதிர்பார்த்தேன். பெருமையாகக் கால்மேல் கால் போட்டுக்கொண்டார்.

"நான் போட்ட தேதியில எத்தினி பேரு ரிட்டயர் ஆயிருக்கான் தெரியுமா? ஒருத்தன் இங்கியே வந்து சண்ட போட்டான். ரெண்டு வருஷம் கொறச்சிப் போட்டிருந்தா இன்னும் சர்வீஸ்ல இருந்திருப்பனே சார்னு."

"எங்க ரெண்டு பேருக்கும் ஒரே தேதி போட்டிருக்கலாமே சார். ரெட்டப் புள்ளைன்னு போயிருக்கும்."

"அதெப்பிடிடா? அண்ணன் அண்ணன் தான். அண்ணனுக்கு ஒரு மரியாத வாணாமா? அதான் ஒனக்கு ரெண்டரை மாசம் முன்னால போட்டேன்."

என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த மரியாதை அந்த இரண்டரை மாசம்தான். அது என் தம்பி உயிருக்குக் குறுக்கே நின்றது.

எழுதித் தரக் கேட்டேன். அவர் முகம் மாறிவிட்டது. டி.வி. சத்தத்தைக் குறைத்தார்.

"நான் பொய்யா எழுதினேன்னு நானே எழுதித் தரணுமா? இந்த வயசுல? நாளைக்கி எவனாச்சும் கேஸு போட்டா? பென்ஷன் கின்ஷன்... அதெல்லாம் வாணாம்பா. வேற யாரையாவது பாரு."

உள்ளேயிருந்து அவர் மனைவி காபி கொண்டுவந்து வைத்தார். எழுந்து வருவதற்கு அதைவிட நல்ல சமயம் கிடைக்காது. வாத்தியாரும் மறுத்துவிட்டார் என்று சொல்லிக்கொள்ளலாம். நான் என்னதான் செய்ய முடியும்? காபியைக் குடித்து முடித்தேன். டம்ளரைக் கீழே வைத்தேன். பிறகு என் வாய் பேசியது.

"சார், நீங்க எழுதித் தரலன்னா எனக்கு நல்லது. நான் அறுப்புலேர்ந்து தப்பிச்சி ஊருக்குப் போயிடுவேன். அதனால தான் கேக்கறேன். எழுதிக் குடுங்க."

அவர் என்னை ரொம்ப நேரம் பார்த்தார். பள்ளிக்கூடத்தில் ஒரு நாளாவது என்னை அப்படிப் பார்த்திருந்தால் நான் ஆறாவது படித்திருப்பேனோ என்னவோ.

"அந்தப் பேனாவ எடு" என்றார் மனைவியிடம்.

கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. பொய்த் தேதி எழுதிய அதே கை.

7

இனி மனைவியின் சம்மதம் வேண்டும். அதுவும் எழுத்தில். கோமதிக்குப் போன் செய்தேன். முதியோர் இல்லத்தில் தரை துடைத்துக்கொண்டிருந்தாள், வாளிச் சத்தம் கேட்டது.

"ஒரு கையெழுத்து வேணும்" என்றேன்.

"எதுக்கு?"

"அந்தப் பாரத்துக்கு."

"எந்தப் பாரம்? முழுசாச் சொல்லு. ஒங்க மாமன் பேசட்டும், ஒன் தங்கச்சி பேசட்டும்னு நான் கேட்டுகினு இருந்துட்டேன். கட்டிகினவன் பேசி நான் இன்னும் கேக்கல."

சொன்னேன். என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத மாட்டேன். எனக்குப் பயமாக இருக்கிறது என்பதும் அதில் இருந்தது. வாளிச் சத்தம் நின்றுவிட்டது.

"இவ்ளோ தான? இத்த இங்க நிக்கசொல்லவே சொல்றதுக்கு இன்னா கேடு ஒனக்கு?" என்றாள். பிறகு மூக்கைச் சிந்தினாள். மறுநாள் தர்ஷினிதான் அவளை வக்கீல் ஆபீசுக்குக் கூட்டிப்போய்க் கையெழுத்து வாங்கி அனுப்பினாள். பிரிட்ஜில் ஒட்டியிருந்த தாளையும் கிழித்துவிட்டதாகச் சொன்னாள். யார் சொல்லி என்று நான் கேட்கவில்லை.

குழு கூடிய நாளன்று வெளியே வராண்டாவில் செல்வி ஜெபம் செய்தாள். ஏழுமலை மனைவி வேண்டுதல் மஞ்சள் துணியை முந்தானையில் முடிந்திருந்தாள். மாமா பகுத்தறிவோடு டீ குடித்துக்கொண்டிருந்தார். என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள். ஐந்து பேர், ஒரு மேஜை, ஒரு கேமரா. டி.என்.ஏ. காகிதமும் வாத்தியார் கடிதமும் மேலே இருந்தன. தலைவராக இருந்த அம்மா அதைப் படித்துவிட்டு வாயை மூடிச் சிரித்தார்.

"உங்கள யாராவது வற்புறுத்தினாங்களா?"

"எல்லாரும் வற்புறுத்தினாங்கம்மா. குடுன்னு பாதிப் பேர், குடுக்காதன்னு பாதிப் பேர்."

"நீங்க என்ன சொல்றீங்க?"

கேமராவில் சின்ன சிவப்பு விளக்கு எரிந்தது. நான் சும்மா இருந்தேன். வேல்ஸில் இந்த நேரத்துக்குச் சம்மதம் என்று எழுதியிருப்பார்கள், செத்தவனாக இருந்தால். வீட்டில் என்றால் எப்போதோ எழுதியிருப்பார்கள்.

"நீங்க சும்மா இருந்தா நாங்க இல்லன்னு தான் எழுதணும்" என்றார் அந்த அம்மா.

"குடுக்கறேன்" என்றேன்.

கேமராக்காரர் தலையை நீட்டினார். "சவுண்டு வர்ல சார். மறுபடியும் சொல்லுங்க, சத்தமா."

மறுபடியும் சொன்னேன், சத்தமாக. வராண்டாவரை கேட்டதாம். மாமாவின் டீ கொட்டிவிட்டதாம்.

ஆகவே, இந்தக் குடும்பத்தில் இந்த முடிவை எடுத்தது யார் என்று யாராவது மைக்கில் கேட்டால், பதில் ஒரு சர்க்கார் கேமராவில் இரண்டு தடவை பதிவாகியிருக்கிறது. பேனரில் இடம் இல்லாவிட்டால் பரவாயில்லை.

8

அன்று பாத்திரம் தேய்த்துவிட்டு வந்து, மாமாவைத் தள்ளிவிட்டு, வீடியோவின் கடைசிப் பகுதியை மட்டும் பார்த்தேன். பாஸ்டர் பேசி முடித்திருந்தார். கட்சிக்காரர் பொன்னாடை போர்த்தியிருந்தார். யாரோ ஏழுமலையின் கையில் மைக்கைத் திணித்தார்கள். நாலு வார்த்தை பேசு, பேசு என்றார்கள். ஊரிலேயே வாயாடி அவன்.

மைக்கைக் கேக் பக்கத்தில் வைத்தான். ஒரு பெரிய சொம்பை எடுத்தான். கேமராவைப் பார்த்தபடி தலையை அண்ணாந்து தண்ணீரைக் குடிக்க ஆரம்பித்தான். மூச்சு விடாமல் குடித்தான். தாடையில் வழிந்து பொன்னாடை நனைந்தது. கைதட்டியவர்கள் நிறுத்திவிட்டார்கள். சொம்பைக் கவிழ்த்துக் காட்டினான். ஒரு சொட்டு விழுந்தது.

"பாத்துக்கினியா அண்ணாத்த?" என்றான்.

அதோடு வீடியோ முடிந்துவிட்டது.

நான் எழுந்து போய்க் குழாயைத் திறந்து ஒரு டம்ளர் பிடித்தேன். எனக்கும் நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லியிருக்கிறார்கள்.